கொல்லையில் தச்சு வேலை: துரு, குழிந்த பலகை, வெளுத்த பசை

கொல்லைப்பட்டறை (மான்செஸ்டர்):
வணக்கம். கராஜும் இல்லை, ஷெட்டும் இல்லை. வீட்டின் பின்னால் மூன்றுக்கு நான்கு மீட்டர் கல் பாவிய இடம்தான் பட்டறை. மடக்கு மேசை, சர்குலர் ரம்பம், இரண்டு இழைப்புளி, ஐந்து கிளாம்ப். ஓக்கில் ஒரு சின்ன மேசை ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று சிக்கல்கள்:

இழைப்புளியைத் துணி போட்டு மூடி வைத்தாலும் ஒரே இரவில் அடிப்பக்கம் துரு. அதன்மேல் ஒரு சொட்டு மழை படவில்லை. வெளியே நேராக இழைத்த பலகை, வீட்டுக்குள் வந்து ஒரு வாரத்தில் கிண்ணம் மாதிரி குழிகிறது. மூட்டில் போட்ட ஒயிட் பசை காய்ந்ததும் சுண்ணாம்பாக வெளுத்து, கையால் இழுத்தாலே பிரிகிறது.

மழை நிற்கட்டும் என்று இருந்தால் ஜூலை வந்துவிடும். ஜூலையிலும் மழை வரும். என்ன செய்யலாம்?

மரத்தூள் (லண்டன்):
துருவுக்குக் காரணம் மழை இல்லை, காற்று. சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது, லண்டனில் 600 மி.மீ. அளவுதான். ஆனால் அங்கே கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் அடிக்கும். இங்கே தூறல் விட்டாலும் ஈரம் போகாது. குளிர்காலத்தில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கும்.

இரவுக் குளிரில் இழைப்புளி 4 டிகிரிக்கு இறங்கியிருக்கும். காலையில் அட்லாண்டிக் பக்கமிருந்து 12 டிகிரியில் ஈரக்காற்று வரும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பதுபோல வார்ப்பிரும்பு வியர்க்கும். நீங்கள் போட்ட துணி அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அதனால் துணி வேண்டவே வேண்டாம்.

சிறு கருவிகளை அன்றன்றைக்கே வீட்டுக்குள் எடுத்துப்போய்விடுங்கள். எண்ணெய் பூசுவதற்கு முன் பிரஷ்ஷால் மரத்தூளை முழுக்கத் தட்டுங்கள். ஓக் தூளில் புளிப்பு உண்டு, ஈரத்தையும் இழுக்கும். தூள் ஒட்டியிருக்கும் இடத்தில்தான் முதல் புள்ளி விழும். பிறகு துணியில் நாலு சொட்டு கமீலியா எண்ணெய் விட்டு அடிப்பக்கத்தையும் கத்தியையும் துடைத்தால் போதும். வெளியேதான் வைத்தாக வேண்டும் என்றால் ரப்பர் விளிம்பு வைத்த மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் அரைக்கிலோ. ஜெல் நிறம் மாறினால் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம்.

காயவைக்கிறேன் என்று தார்ப்பாய்க்குக் கீழே கேஸ் ஹீட்டரைப் பற்றவைக்காதீர்கள். தீ ஆபத்து ஒரு பக்கம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவரும். காயவைக்கப் போய் நனைத்த கதைதான்.

சீவுளி (லெஸ்டர்):
பலகை விசயத்துக்கு வாறன். இந்த நாட்டில வெளியில கூரைக்குக் கீழ வைச்ச மரத்தில 16 முதல் 20 சதவீதம் ஈரம் நிக்கும். ஹீட்டிங் போட்ட வீட்டுக்குள்ள அது 10 அளவுக்கு இறங்கும். 300 மி.மீ. அகல ஓக் பலகை 16இல இருந்து 10க்கு வந்தா ஏறத்தாழ 6 மி.மீ. சுருங்கும். அதை ஒருத்தரும் தடுக்க ஏலாது, இடம் விட்டுத்தான் செய்யவேணும்.

மரத்தை முதலே வீட்டுக்குள்ள அடுக்குங்கோ. ஒவ்வொரு பலகைக்கும் இடையில 20 மி.மீ. றீப்பை (மெல்லிய மரச்சட்டம்), அரை மீற்றருக்கு ஒண்டு. ரண்டு மூண்டு கிழமைக்குப் பிறகு ஊசி மீற்றரால மரத்தின்ர ஈரத்தை அளந்து, வாசிப்பு அசையாம நிண்டாப் பிறகு தொடங்கலாம். வெளியில கொண்டுபோய் 3 மி.மீ. தடிப்பைக் கூட விட்டுச் சீவி, திரும்ப ஒரு கிழமை உள்ளுக்கு வைச்சு, அதுக்குப் பிறகுதான் கடைசிச் சீவல்.

சீவின பலகையை மேசையில படுக்க விடாதேங்கோ. மேல்முகம் மட்டும் காத்தோட பேசும், கீழ்முகம் பேசாது. ரண்டும் வேற வேற அளவில சுருங்கும். உங்கட கிண்ணம் அனேகமா அதுதான். றீப்பையில வையுங்கோ, இல்லாட்டி விளிம்பில நிறுத்துங்கோ.

மேசை மேற்பலகையைச் சட்டத்தோட ஒட்டக்கூடாது. நீள்துளை போட்டுத் திருகாணியால பிடிச்சா அது அசையும், வெடிக்காது. இரும்புத் திருகாணியும் வேண்டாம், ஸ்டெயின்லெஸ் போடுங்கோ. ஓக்கில இரும்பும் தண்ணியும் சேர்ந்தா நீலக்கறுப்புக் கறை பிடிக்கும். பிடிச்சிட்டுதெண்டா ஒக்ஸாலிக் அசிட் போகவைக்கும். கையுறை போட்டுப் பூசி, நல்லாக் கழுவி எடுக்கவேணும்.

மூட்டுக்காரன்:
பசைக்குக் குளிர்தான் காரணம். அந்தச் சுண்ணாம்பு வெளுப்பே அதற்கு அடையாளம்: பசைத் துகள்கள் ஒன்றோடொன்று இளகிச் சேராமல் தனித்தனியாகக் காய்ந்துவிட்டன. கடையில் கிடைக்கும் மரப்பசைகளில் டைட்பாண்ட் 3 குளிரைச் சுமார் 8 டிகிரி வரை தாங்கும், சாதா டைட்பாண்டுக்கு 10, டைட்பாண்ட் 2-க்கு 13. இது காற்றின் சூடு மட்டுமல்ல, மரத்தின் சூடும் பசையின் சூடும்கூட. இரண்டையும் முதல்நாள் இரவே உள்ளே வைத்து, சமையலறைத் தரையில் செய்தித்தாள் விரித்து ஒட்டுங்கள். கிளாம்ப் போட்டதை மறுநாள் வரை வெளியே எடுக்க வேண்டாம்.

பாலியூரித்தேன் பசை ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். இந்த ஊர் வானிலையை மனசாரக் கொண்டாடும் பசை அது ஒன்றுதான்! ஆனால் பொங்கி வரும் நுரைக்குப் பலம் கிடையாது, மூட்டு இறுக்கமாக உட்கார வேண்டும்.

மின்சாரம்: 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் கருவி) இல்லாமல் வெளியே எதையும் ஓட்டாதீர்கள். கேபிள் ரீலை முழுக்கப் பிரித்துவிடுங்கள், சுற்றிய நிலையில் சூடேறி உருகும். இணைப்பு தரையில் கிடக்கக்கூடாது. தூறல் விழுந்ததும் முதலில் பிளக், அடுத்து தார்ப்பாய், அதற்கப்புறம் கெட்டில். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கொல்லைப்பட்டறை:
மூவருக்கும் நன்றி. தார்ப்பாயை நிரந்தரமாகக் கட்டிவிடலாமா? ஒருமுறை நடுவில் குளம் கட்டிக் கம்பமே சாய்ந்துவிட்டது.

சீவுளி (லெஸ்டர்):
தட்டையாக் கட்டினா அப்பிடித்தான். ஒரு சதுர மீற்றரில 5 செ.மீ. தண்ணி நிண்டாலே 50 கிலோ. நடுவில முகட்டுக் கயிறு இழுத்து, நாலு அடிக்கு ஒரு அடி சரிவு விடுங்கோ. ஓரத்தில கயித்துக்குப் பதிலா எலாஸ்டிக் வளையம் போட்டா, காத்து அடிக்கேக்க தறப்பாள் இழுபட்டுக் குடுக்கும், கயிறு கோக்கிற கண் கிழியாது. ரண்டு பக்கமும் திறந்தே இருக்கட்டும்; நாலு பக்கமும் மூடினா உள்ளுக்கு வியர்த்து மேல இருந்து சொட்டும். புயல் எச்சரிக்கை வந்தா முதல்நாளே கழட்டி மடிச்சு வையுங்கோ.