மறு: புரொடக்ஷன் லைப்ரரிக்கு 'புழக்க நிரலகம்'

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

லைப்ரரிக்கு, அதாவது பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்புக்கு, 'நிரலகம்' என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. டெவலப்மென்ட் (நாம் எழுதிச் சோதிப்பது), புரொடக்ஷன் (வாடிக்கையாளர்களுக்காக நிஜமாக ஓடுவது) என்ற அடைமொழிகளுக்குத்தான் சொல் வேண்டும். 'உருவாக்க நிரலகம்', 'உற்பத்தி நிரலகம்' என்று இங்கே வந்த பரிந்துரையில் இரண்டாவது வேண்டவே வேண்டாம் என்பேன்.

உற்பத்தி என்றால் ஒரு பொருளைச் செய்வது. நிரலைச் செய்வது நாம், நம் மேசையில். ஆக, இந்தச் சொல்லை முதன்முறை பார்க்கிறவர் நேர் எதிராகப் புரிந்துகொள்வார். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் நிறுவல் குறிப்பைப் படித்துவிட்டு, "உற்பத்தி ஃபோல்டர்னா நாம கோட் எழுதுற இடம்தானே அண்ணா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை.

இந்த இரண்டும் குழம்பினால் என்ன ஆகும் என்று பட்டிருக்கிறேன். பில் போடும் தளம், பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல்கள். ஒவ்வொன்றின் தலையிலும் 'யூஸ் லிப்' வரியில் நிரலகத்தின் முழுப் பாதையை எழுதியிருந்தோம். சோதித்து முடித்த ஒரு நிரலை அப்படியே நகலெடுத்து வாடிக்கையாளர்களுக்கான தளத்தில் போட்டேன்; சோதனைப் பாதையும் கூடவே போய்விட்டது. இரண்டு நிரலகமும் ஒரே வழங்கியில் (சர்வரில்) இருந்ததால் பிழை எதுவும் காட்டவில்லை. மூன்று வாரம் கழித்து, தொகையை முழு ரூபாயாக்கும் சார்பை (ஃபங்ஷனை) சோதனை நிரலகத்தில் திருத்தத் தொடங்கி, பாதியில் சேமித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வருவதற்குள் வாடிக்கையாளர்களுக்கு மொத்தத் தொகை பூஜ்யம் என்று பில் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் பாதையை நிரலுக்குள் எழுதுவதை விட்டுவிட்டோம். நிரல் இருக்கும் இடத்தைக் கண்டுசொல்லும் ஃபைண்ட்பின் என்ற பெர்ல் கூறு (மாட்யூல்) மூலம், நிரல் எந்த இடத்தில் இருக்கிறதோ அதன் பக்கத்து நிரலகத்தையே எடுத்துக்கொள்கிறது. பெர்ல்5லிப் என்ற சூழல் மாறியிலும் (என்விரான்மென்ட் வேரியபிள்) பாதையைத் தரலாம். ஆனால் வெளியிலிருந்து வரும் தரவை நம்பாத டெயின்ட் என்ற பாதுகாப்பு முறையில் ஓடும் நிரல்கள் அதைக் கண்டுகொள்ளாது. அப்பாச்சி என்ற வலை வழங்கிக்குள்ளேயே பெர்லை ஓட்டும் மாட்-பெர்ல் வைத்திருப்பவர்கள் இரண்டு நிரலகத்துக்கும் தனித்தனி அப்பாச்சி ஓட்டுவது நல்லது. ஒரு முறை ஏறிய கூறு நினைவகத்திலேயே தங்கிவிடும். அதே பெயருள்ள இன்னொன்று ஏறாது.

சரி, சொல்லுக்கு வருவோம். என் பரிந்துரை 'புழக்க நிரலகம்'. வீட்டில் புழங்குகிற பாத்திரம் என்கிறோம், அந்த நோட்டு இப்போது புழக்கத்தில் இல்லை என்கிறோம். பலர் கையில் அன்றாடம் இருப்பது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. 'பயன்பாட்டு நிரலகம்' எனலாம்தான். ஆனால் அப்ளிகேஷனுக்கே 'பயன்பாடு' என்று பல இடங்களில் எழுதி வருகிறோம், மறுபடி குழப்பம். இன்னொரு வசதி, டிப்ளாய் செய்வதற்கு (முடிந்த நிரலை வாடிக்கையாளர்களுக்கான தளத்தில் ஏற்றுவதற்கு) வினையும் சேர்ந்தே கிடைக்கிறது: புழக்கத்துக்கு விடுதல். "நேற்றே புழக்கத்துக்கு விட்டாச்சு" என்று சொல்லிப் பாருங்கள், வாயில் ஒட்டுகிறது.

டெவலப்மென்டுக்கு 'ஆக்க நிரலகம்' போதும். நடுவில் ஸ்டேஜிங் (வெளியிடும் முன் கடைசியாகச் சோதித்துப் பார்க்கும் இடம்) வைத்திருப்பவர்களுக்கு 'ஒத்திகை' தயாராகவே இருக்கிறது.

அடுத்த பதிப்பின் நிறுவல் குறிப்பை ஆக்கம், ஒத்திகை, புழக்கம் என்றே எழுதத் தொடங்கிவிட்டேன். நிரலகத்தோடு நிற்காமல் 'புழக்கத் தரவுத்தளம்', 'ஆக்கத் தரவுத்தளம்' என்றும் போட்டிருக்கிறேன். 'ஆக்க' என்பதைவிடத் தெளிவான சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.