யாழ்ப்பாணமும் கொங்குநாடும் ஒரே மணவறையில்: சடங்குகளை எப்படி இணைப்பது?

கேள்வி: சிலோன் சாலைப் பேத்தி

அனைவருக்கும் வணக்கம். என் பூட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா இரயில்வே வேலைக்கு வந்தவர். நான்கு தலைமுறையாகச் சிங்கப்பூரில் இருந்தாலும், எங்கள் வீட்டுக் கலியாணங்கள் இன்றும் பொன்னுருக்கு (தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு), கூறைச்சேலை, தாலிக்கொடி (தாலி கோக்கும் பொற்சங்கிலி) என்று யாழ்ப்பாண முறைப்படியே நடக்கின்றன. நான் மணக்கவிருப்பவர் கோபிசெட்டிப்பாளையத்துக்காரர்; இங்கே வேலை பார்க்கிறார். அவர் வீட்டில் அருமைக்காரர் (கொங்குக் கலியாணச் சீர்களை நடத்தும் பெரியவர்) முன்னின்று நடத்தும் இணைச்சீரும் மங்கல வாழ்த்துப் பாடலும் இல்லாவிட்டால் அது கலியாணமே இல்லை என்கிறார்கள்.

சிலோன் சாலை செண்பக விநாயகர் ஆலயத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ஒரே முகூர்த்தத்தில் நடத்த விரும்புகிறோம். கோபிசெட்டிப்பாளையத்துச் சோதிடர் 10.45 மணி என்று குறித்துத் தந்திருக்கிறார். எனக்குள்ள குழப்பம் மூன்று. பொன்னுருக்கு மாப்பிள்ளை வீட்டில் நடக்க வேண்டும். அவர் வீடோ செங்காங்கில் ஒரு வாடகை அறை. இரண்டாவது, இரு பக்கச் சடங்குகளையும் அடுக்கினால் நான்கு மணி நேரமாகிவிடும். மூன்றாவதுதான் பெரியது: அவர்கள் மஞ்சள் கயிற்றில்தான் தாலி கட்டுவார்கள், என் அம்மம்மாவோ பொற்கொடியில்தான் கட்ட வேண்டும் என்கிறார். இரண்டு தாலி கட்டுவதில் இருவருக்குமே விருப்பமில்லை. இப்படிக் கலியாணம் செய்தவர்கள் யாராவது வழி சொல்வீர்களா?

பதில்: பீஷான் அக்கா

தங்கைக்கு வாழ்த்துகள். நானும் யாழ்ப்பாண வழிவந்தவள், கணவர் மதுரைக்காரர். ஆகையால் உங்கள் மூன்று குழப்பங்களும் எனக்குப் பழக்கமானவையே.

பொன்னுருக்கை நாங்கள் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு நகைப்பட்டறையில் வைத்துக்கொண்டோம். குத்துவிளக்கும் நிறைகுடமும் தேங்காயும் நாங்களே எடுத்துச் சென்றோம். தங்க நாணயத்தை மூசையில் (பொன் உருக்கும் கிண்ணத்தில்) இடப்போகும்போது என் மாமியார் கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த தம் பழைய மூக்குத்தியையும் எடுத்து ஆசாரியிடம் கொடுத்தார். இரண்டும் உருகிச் சுண்டைக்காய் அளவு உருண்டையாகத் தட்டில் வந்து விழுந்தபோது, அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் நின்ற என் அப்பா, எல்லோருக்கும் காப்பி வாங்கித் தருகிறேன் என்று கிளம்பிவிட்டார். உங்கள் தாலிக்கும் இரு வீட்டுப் பொன்னையும் சேர்த்தே உருக்குங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பொன்னுருக்கியபின் மணமக்கள் முகம் பார்க்கக்கூடாது என்பார்கள். ஆகவே திருமணப் பதிவு தொடர்பாக நீங்கள் இருவரும் சேர்ந்து செய்ய வேண்டியவற்றை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பதிவுக்குக் குறைந்தது 21 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, இரண்டு சடங்குகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்க வேண்டாம் என்பேன். நம் முறையில் கூறையைத் தட்டில் வைத்துக் கொடுத்தபின் பெண் உள்ளே போய் உடுத்தி வர அரைமணி நேரமாவது ஆகும். அந்த அரைமணி சபையில் எல்லோரும் கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இணைச்சீர் மாப்பிள்ளைக்கும் அவர் உடன்பிறந்தாளுக்கும் உரிய சீர், பெண் மணவறையில் இருக்க வேண்டியதில்லை. அந்த இடைவெளியில் அதைப் பொருத்திவிடலாம். ஐயரிடமும் அருமைக்காரரிடமும் முன்கூட்டியே பேசி, இருவருக்கும் ஒரே நிரல் தாளைக் கொடுத்துவிடுங்கள். எங்கள் கலியாணத்தில் அதைச் செய்யாததால், ஐயர் கெட்டிமேளத்துக்குக் கை காட்டியபோது மதுரை உறவினர்கள் பாதிப் பேர் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தார்கள்.

தாலிக்கு என் யோசனை இது. தமிழ்நாட்டில் கயிற்றில் கட்டிய தாலியைச் சில மாதம் கழித்து நல்ல நாள் பார்த்துப் பொன்சங்கிலிக்கு மாற்றும் ‘தாலி பிரித்துக் கோத்தல்’ என்ற வழக்கம் பரவலாக உண்டு. முகூர்த்தத்தில் மஞ்சள் கயிறு, பிரித்துக் கோக்கும்போது உங்கள் வீட்டுக் கொடி என்று வைத்தால், தாலி ஒன்றுதான்.

பதில்: பஞ்சாங்கப் பித்தன்

தாலியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த 10.45-ஐக் கவனியுங்கள். சனிக்கிழமை இராகுகாலம் 9 முதல் 10.30 வரை என்பது காலை 6 மணிச் சூரிய உதயத்தை வைத்துச் சொல்லும் கணக்கு. சிங்கப்பூரில் ஏறத்தாழ 7 மணிக்குத்தான் பொழுது விடிகிறது என்பதால், இங்கே அது ஏறக்குறைய 10 முதல் 11.30 வரை நீளும். நீங்கள் குறித்த நேரம் அதன் நடுவில் வந்து நிற்கிறது. இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி கூட்டி 1.15 என்று கொள்வதும் சரியாகாது, ஏனெனில் லக்கினம் ஊருக்கு ஊர் மாறும். யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்தைப் பார்த்தாலும் இதே சிக்கல்தான், அதுவும் அந்த ஊருக்குக் கணித்தது. சிங்கப்பூருக்கென்று கணித்துத் தருமாறு சோதிடரிடம் கேளுங்கள்.

கேட்டவர்: சிலோன் சாலைப் பேத்தி

அக்காவுக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. முகூர்த்தத்தை மீண்டும் கணிக்கச் சொல்லிவிட்டோம், 9.10 முதல் 9.50 வரை என்று வந்திருக்கிறது. கூறை மாற்றும் நேரத்தில் இணைச்சீர் என்பதற்கு இரு வீட்டாரும் உடனே இசைந்தார்கள். பலகாரத் தட்டில் எங்கள் அரியதரத்தோடு அவர்கள் கச்சாயத்தையும் வைப்பதாக அவர்களே சொல்லிவிட்டார்கள்.

தாலி பிரித்துக் கோத்தலுக்கும் அம்மம்மா ஒப்புக்கொண்டார். ஆனால், எண்பத்து நான்கு வயதில் மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது, கலியாணத்தின் நாலாம் நாள் செய்யும் நாலாம் சடங்கன்றே கொடிக்கு மாற்றிவிடுங்கள் என்றார். இதை வருங்கால மாமியாரிடம் தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, “நாலு ரெட்டப்படையாச்சே கண்ணு, அஞ்சாம் நாளு வச்சுக்கலாமான்னு பாட்டிகிட்டக் கேளு” என்றார். அம்மம்மாவும் சரி என்றுவிட்டார். அவர்கள் ஊருக்குத் திரும்பும் விமானச் சீட்டை ஒரு நாள் தள்ளிப் போடுகிறோம்.