கொல்லிமலை ஏற்றத்தில் சைக்கிள் கணினி காட்டும் சரிவு விகிதம்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறும்போது, எனது சைக்கிள் கணினி ஜிபிஎஸ் புள்ளிகளை மட்டும் நம்பி வளைவுகளைக் குறுக்கே வெட்டிக் கணக்கிட்டதால், கிலோமீட்டர் கற்கள் காட்டுவதைவிடத் தூரம் குறைவாகவே பதிவானது. பின்சக்கர அச்சில் வேக சென்சாரைப் பொருத்தி, 28 மி.மீ. டயருக்குரிய 2136 மி.மீ. சுற்றளவைக் கொடுத்தபின் அது சரியாகிவிட்டது.

ஆனால் மழை பிடித்துவிட்டால் சரிவு விகிதம், அதாவது சாலை எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்ற அளவு, 3 சதவீதம் என்றும் 14 சதவீதம் என்றும் தாறுமாறாகத் தாவுகிறது. காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தை அளக்கும் கருவி என்பதால், அதன் அடிப்புறத் துளையில் நீர் அடைத்துக்கொள்கிறது என்றே கருதுகிறேன். மலையேற்றத்தில் மூச்சையும் வலுவையும் பங்கிட்டு மிதிக்க எனக்கு இந்த அளவு மிகவும் அவசியம். துளையைச் சேதமின்றித் துடைக்கும் முறையையும், மழையில் அதைக் காக்கும் வழியையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் மிகுந்த நன்றியுடையவனாவேன்.