108 வண்டி நிலையம்: முதலுதவி அறை வேணுமா, வேண்டாமா?

நொய்யல்கரை:
பல்லடம் – காங்கேயம் ரோட்டுல, தறியும் கோழிப்பண்ணையும் பெருகிட்டு வர்ற ஊருக்கு 10 சென்ட்ல 108 நிலையம் கட்டறதா வெச்சுக்குவோம். என் வரைபடம் இதுங்க. வடக்கே நுழைஞ்சு தெக்கே வெளியேறுற வண்டிக்கூடம்: 8 மீட்டர் நீளம், 4.5 அகலம், 3.5 உயரம். ரிவர்ஸ் எடுக்கற வேலையே இல்லை. ஷட்டரும் இல்லை, கரண்ட் போறப்ப பாதியில நிக்கற ஷட்டர் வண்டியவே அடைச்சுப் போட்டுரும். மேற்குச் சுவர் மட்டும் ஓட்டையில்லாம முழுசா. ஆடிக்காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியா வந்து புழுதிய அந்தப் பக்கந்தான் கொட்டும். அதுக்கு வெளிய வேம்பு, புங்கன். தென்னை வேண்டாம், காய் விழுந்தா கண்ணாடி போச்சு. ரோட்டோரமா 10-க்கு 12 அடியில முதலுதவி அறை, சனங்க கூச்சமில்லாம உள்ள வர்றதுக்கு.

108_இரவுமுறை:
வண்டிக்கூடம் நல்லா இருக்குங்ணா. முதலுதவி அறைய அழிச்சுருங்க. வண்டிக்கு மருத்துவ உதவியாளர் ஒருத்தர், ஓட்டுநர் ஒருத்தர், அவ்வளவுதான். அழைப்பு வந்தா ரெண்டு பேரும் கிளம்போணும். திரும்பி வர்ற வரைக்கும் அறை பூட்டித்தான் கிடக்கும். பாம்பு கடிச்சவர பைக்ல வெச்சு, ஆரம்ப சுகாதார நிலையத்தத் தாண்டி, போர்டை நம்பி இங்க கூட்டிட்டு வந்துட்டா? விஷமுறிவு மருந்து ஏத்தறதுக்கு டாக்டர் வேணும். ஒவ்வாமை வந்தா அங்கயே சமாளிக்கோணும். அந்த நேரம் வீணாப் போயிரும். பாதிக் கட்டுப் போட்டிருக்கறப்ப நெஞ்சுவலின்னு அழைப்பு வந்தா யாரை விட்டுட்டுப் போறது?

தறிக்காரர்_சோமனூர்:
அறை இருந்தாலும் இல்லாட்டியும் சனம் வந்து கதவத் தட்டத்தான் செய்யும். வண்டி நிக்கறது ரோட்டுல போற எல்லாருக்கும் தெரியுதே. தறியில விரல் மாட்டுனவன் போன் போட மாட்டான், ஓடித்தான் வருவான். ஒடிசா, பீகார் பசங்களுக்கு நம்ம ஊர்ப் பேரை போன்ல சொல்லவே வராது. வந்தவனுக்கு உட்கார இடமாவது வேணாமா?

108_இரவுமுறை:
அதுக்குத் திண்ணை போதுங்க. கூரை போட்டு, 6 அடி அகலத்துல, பக்கத்துல 12 அடி நீளத்துக்கு 1 அடி உயர்ற சரிவுல சக்கர நாற்காலிப் பாதை. ஒரு குழாய். பட்டனை அழுத்துனா நேரா 108-க்குப் போற போன். அதுக்கு மேல நிலையத்தோட முகவரி எழுதி இருக்கோணும். தமிழ், இந்தி, ஒடியாவுல படத்தோட ஒரு பலகை: ரத்தம் வர்ற இடத்த சுத்தமான துணியால விடாம அழுத்திப் பிடி. துண்டான விரலை ஈரத்துணியில சுத்தி கவர்ல போடு, கவரை ஐஸ் மேல வை. விரல் நேரா ஐஸ்ல படக்கூடாது.

நொய்யல்கரை:
நிரந்தரமா ஒரு நர்ஸ் போட்டா அறை பூட்டாம இருக்குமே தம்பி?

108_இரவுமுறை:
நர்ஸ் போட்டா அது துணை சுகாதார நிலையங்ணா, வேற திட்டம். அந்த 120 சதுர அடிய ஓய்வறைக்குக் குடுங்க. 12 மணி நேர முறை. பெண் உதவியாளருக்குத் தனிக் கழிப்பறை, உள்தாழ்ப்பாளோட தனிப் படுக்கை. கட்டில்ல இருந்து வண்டிக்குப் படி ஏறி இறங்காம வரோணும்.

சோலார்_தாராபுரம்:
மேல 3 கிலோவாட் பலகை போடுங்க, 300 சதுர அடி போதும், நாளைக்கு 12 யூனிட் பக்கம் வரும். எல்லாரும் கோட்டை விடற இடம் ஒண்ணு இருக்குது: பேட்டரி இல்லாம லைனோட மட்டும் சேர்ந்து ஓடற வெறும் ஆன்கிரிட் இன்வெர்ட்டர் வாங்குனா, லைன்ல கரண்ட் போனதும் அதுவும் நின்னுரும், வெயில் கொளுத்துனாலும் சரி. லைன் போனாலும் பேட்டரியில ஓடற ஹைபிரிட் வாங்கி, 5 யூனிட் கரண்ட் சேமிக்கற லித்தியம் பேட்டரி சேர்த்துக்கங்க. விசிறி, விளக்கு, மருந்து பிரிட்ஜ், வண்டியில இருக்கற கருவிகளோட சார்ஜர் எல்லாம் சேர்த்து 500 வாட்னா 8 மணி நேரம் தாங்கும். ஏசிய அந்த பேட்டரி லைன்ல கொடுக்காதீங்க.

108_இரவுமுறை:
தண்ணிக்கும் ஒரு வார்த்தை. நம்ம போர்த் தண்ணி உப்பு. வண்டிக்கு அடியில துருப் பிடிக்கும். 100 சதுர மீட்டர் கூரையில வருசம் 600 மி.மீ. மழைன்னா, வீணானது போக 48,000 லிட்டர் கிடைக்கும். கழுவறதுக்கு அத வெச்சுக்கலாம். ரத்தம் பட்ட ஸ்ட்ரெச்சருக்கு 1 சதவீத ஹைப்போகுளோரைட் (கிருமி கொல்ற குளோரின் கரைசல்): 5 சதவீதக் கரைசல் 1 லிட்டருக்குத் தண்ணி 4 லிட்டர். தினமும் புதுசாக் கலக்கோணும், வெயில்ல வெச்சா வீரியம் போயிரும். 10 நிமிசம் கழிச்சு நல்ல தண்ணியில அலசாட்டி இரும்பு அரிச்சுரும். அலசுன அந்த அழுக்குத் தண்ணிய மரத்துக்கு விடாதீங்க, தனிக் குழி வேணும். ஆக்சிஜன் சிலிண்டர நிழல்ல, சங்கிலி போட்டு, காலிய தனியா. கிரீஸ் கையோட வால்வைத் தொட்டா தீப்பிடிக்கலாம்.

நொய்யல்கரை:
சரிங்க, அறைய எடுத்துடறேன். ஆனா திண்ணையோட அஸ்திவாரத்த அறைக்குத் தாங்கற மாதிரியே போடுவேன். நாளைக்கு ரெண்டாவது வண்டி வந்து அறை தேவைப்பட்டா இடிக்க வேண்டியதில்லை. வண்டி இருக்குதா இல்லையான்னு பச்சை, சிவப்பு விளக்கும் வெச்சுருவோம்.

தறிக்காரர்_சோமனூர்:
சிவப்பே வேண்டாங்க, பச்சை ஒண்ணு போதும். கையால போடற சுவிட்சும் வேண்டாம், அவசரத்துல மறந்துருவாங்க. கூடத்துல சென்சார் வெச்சு, வண்டி நின்னா மட்டும் எரியற மாதிரி, பேட்டரி லைன்ல கொடுங்க. சென்சார் கெட்டா விளக்கு அணையோணும், எரிஞ்சுட்டே இருக்கக்கூடாது. அணைஞ்சிருந்தா வர்றவங்க காத்திருக்காம போன் பட்டனை அழுத்துவாங்க.