மலை இறக்கத்தில் பிரேக் பெடல் அமுங்குகிறது: பிரேக் ஆயில் மாற்றினால் போதுமா?

வணக்கம் நண்பர்களே. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள கார். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, கடைசி வளைவுகளில் பெடல் மெத்தென்று பாதிக்கு மேல் உள்ளே போகிறது. இரண்டு மூன்று முறை பம்ப் செய்தால் பிடிக்கிறது. ஆறவிட்டால் பழையபடி சரியாகிவிடுகிறது. இறங்கியது இரண்டாம் கியரில்தான்.

பிரேக் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை) சூடாகி வழுக்கினால் பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது. இங்கே நேர்மாறு என்பதால் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகிறது என்றே சந்தேகம். உள்ளே மூன்று வருடம் மாற்றாத டாட் 3 (பிரேக் ஆயிலின் ஒரு தரம்). புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டியது. ஈரம் சேர்ந்தபின் அந்த அளவு 140தான். பேட் 7 மி.மீ. இருக்கிறது, கசிவு இல்லை.

டாட் 4 (230, ஈரத்தில் 155) ஊற்றி நான்கு சக்கரத்திலும் பிளீட் (பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றுவது) செய்யலாம் என்று எண்ணம். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் தங்கும் பழைய ஆயிலை வெளியேற்ற ஸ்கேனர் போட்டு பம்பை ஓட்டியே ஆகவேண்டுமா? காலிப்பர் (பேடை அழுத்தும் பாகம்) நகர உதவும் ஸ்லைடு பின் இறுகி, பேட் விடாமல் உரசி, சூடு கூடுகிறதா என்பதை சக்கரத்தைக் கழற்றாமல் கண்டுபிடிக்க வழி உண்டா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். டாட் 5 வேண்டாம். அது சிலிகான், இதோடு சேராது.