கியூபிக் ஒன்றுதான், லினக்ஸ் மட்டும் ஏன் முந்துகிறது?

பாக்கெட்_பாண்டி:
மூன்று மெஷின். அனுப்புவது ஒன்று, வாங்குவது லினக்ஸ், நடுவில் ஒரு லினக்ஸ் பெட்டியில் நெட்எம் (செயற்கையாகத் தாமதம் சேர்க்கும் கருவி) போட்டு 100 மில்லிசெகண்ட் தாமதம். எல்லாம் 1 ஜிகாபிட். அனுப்பும் மெஷினில் ஒரு தடவை லினக்ஸ், ஒரு தடவை ஃப்ரீபிஎஸ்டி 14 (லினக்ஸ் போல இன்னொரு இயங்குதளம்). இரண்டிலும் கியூபிக்தான் (நெரிசலைப் பார்த்து அனுப்பும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் முறை) டிஃபால்ட். வேகம் அளக்க ஐபெர்ஃப்3 ஓட்டினால் லினக்ஸ் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! ஃப்ரீபிஎஸ்டி 2023 வரை நியூரீனோ என்ற பழைய முறையிலேயே கிடந்தது. கியூபிக்கை அவசரத்தில் எழுதிவிட்டார்கள் போல.

கணக்கன்:
அவசரமா? 2012-இல் வந்த ஃப்ரீபிஎஸ்டி 9.0-இலேயே கியூபிக் உண்டு, டிஃபால்ட் ஆனதுதான் 14-இல். அது இருக்கட்டும். நீங்கள் அளந்தது பஃபரை, அதாவது சேர்ந்தது என்று பதில் வரும் வரை அனுப்பியதை வைத்திருக்கும் இடத்தை. 1 ஜிகாபிட், 100 மில்லிசெகண்ட் என்றால் வழியில் 12.5 எம்பி மிதக்க வேண்டும். ஃப்ரீபிஎஸ்டியில் அனுப்பும் பஃபர் தானாக 2 எம்பி வரைதான் வளரும். போய்த் திரும்பும் ஒரு சுற்றுக்கு 2 எம்பி, நொடிக்குப் பத்துச் சுற்று, 160 மெகாபிட் பக்கம் நின்றுவிடும். லினக்ஸில் அது 4 எம்பி. உங்கள் இரண்டு மடங்கு எங்கே இருந்து வந்தது, தெரிகிறதா?

பாக்கெட்_பாண்டி:
சர்வர் வைத்திருப்பவன் எல்லாம் செட்டிங்கைத் திருகிக்கொண்டா இருக்கிறான்? டிஃபால்ட்டில் எப்படி ஓடுகிறதோ அதுதான் அவனுக்கு வேகம்.

கணக்கன்:
அப்படியென்றால் கியூபிக்கை இழுக்காமல் "லினக்ஸ் வேகம்" என்று போடுங்கள், வாயைத் திறக்க மாட்டேன். பாதி மூட்டை ஏற்றிவிட்டு டிரைவர் சரியில்லை என்கிறீர்களே.

நடுப்பெட்டி:
சண்டைக்கு நடுவே ஒன்று. நெட்எம் லிமிட், அதாவது அதன் வரிசையில் ஒரே நேரத்தில் நிற்கக்கூடியது, டிஃபால்ட்டில் 1000 பாக்கெட். தாமதத்தில் காத்திருப்பதும் அதில் சேர்த்தி. 1500 பைட் என்று வைத்தால் 1.5 எம்பிதான், உங்களுக்கு 8,300-க்கு மேல் வேண்டும். ஜிஆர்ஓ (வரும் பாக்கெட்டுகளை ஒன்றாக ஒட்டும் வசதி) போட்டிருந்தால் ஒட்டிய பாக்கெட் கூட்டத்தையே ஒன்று என்று எண்ணும். இரண்டு ஓட்டமும் ஒரே வரிசையைப் பார்த்தது என்று எப்படிச் சொல்வீர்கள்?

அப்புறம், உள்ளே வருவதும் வெளியே போவதும் 1 ஜிகாபிட் என்றால் நெரிசல் எங்கே இருக்கிறது? போகும் பக்கத்தை 100 மெகாபிட்டாகச் சுருக்கி 300 பாக்கெட் வரிசை கட்டுங்கள். தாமதத்தை ஏசிகே (கிடைத்தது என்ற பதில்) திரும்பும் பக்கம் மாற்றுங்கள். வழியில் 1.25 எம்பி போதும், டிஃபால்ட் பஃபரிலேயே அடங்கும். பாண்டி சாருக்கும் குறை இருக்காது.

பாக்கெட்_பாண்டி:
சரி, இன்று ராத்திரி ஓட்டுகிறேன். ஆனால் கணக்கன் அண்ணே, கையில் 1 ஜிகாபிட் லைன் வைத்திருப்பவனுக்கு ஃப்ரீபிஎஸ்டி இன்னமும் 160-தான்.