நிலைச்சட்டம் வாங்கும்போது கண் போதுமா, நூல் வேண்டுமா?

உளிமுனை:
"ஒரு கண்ணை மூடிக்கொண்டு முனையிலிருந்து பார்த்தால் போதும், நூல் பிடிப்பவன் தொழில் தெரியாதவன்" என்று நேற்று ஒரு மகானுபாவர் இங்கே எழுதியிருக்கிறார். ஏழடி வேங்கைச் சட்டத்தில் கால் அங்குல வளைவு இருந்தால் அது எந்தக் கண்ணுக்குத் தெரியும்? கதவை மாட்டி, அது நிலையில் உரசும்போதுதான் தெரியும்.

மரக்கடை மாரி:
அந்த மகானுபாவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். நூல் வளைவைக் காட்டும், முறுக்கைக் காட்டுமா? சட்டத்தின் இரு முனையிலும் குறுக்காக ஒரே அளவில் இரண்டு நேர்குச்சிகளை வையுங்கள். குனிந்து பார்த்தால் பின்குச்சி முன்குச்சிக்குப் பின்னால் முழுதும் மறைய வேண்டும். ஒரு பக்கம் தூக்கித் தெரிந்தால் முறுக்கு. இதைப் பார்ப்பது கண்ணா, நூலா?

உளிமுனை:
முறுக்கைப் பற்றி யார் பேசினார்கள்? நான் கேட்டது வளைவு. வளைவுக்கு நூல்.

மரக்கடை மாரி:
கண்.

புதுமனை:
ஐயா, அடுத்த வாரம் நிலை வாங்க வேண்டும். வேங்கையா, வேம்பா?

ஈரமானி:
இருவரும் இன்றைக்கு நேராக இருப்பதைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். பச்சை மரம் இன்று அம்பு போல நிற்கும், சித்திரை வெயிலில் கோணிக்கொள்ளும். ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கவே தொடங்குகிறது. ஆண்டு வளையத்தை ஒட்டிய சுருக்கம், மையத்திலிருந்து வெளிப்புறமாக உள்ள சுருக்கத்தைப்போல் சுமார் இருமடங்கு. அதனால்தான் வெட்டுமுகத்தைப் பார்க்கச் சொல்கிறேன். வளையங்களின் நடுப்புள்ளி சட்டத்துக்குள்ளேயே இருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம், வெடிக்கும், முறுக்கும்.

மரக்கடை மாரி:
கருவி வாங்கியவரெல்லாம் தச்சர் ஆகிவிட்டார். ஈரம் அளக்கும் அந்தக் கருவியின் ஊசி மேல்பகுதி ஈரத்தைத்தான் காட்டும், மூன்று அங்குலக் கனத்தின் நடுவில் என்ன இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? நான் கட்டையைத் தட்டிப் பார்த்தே சொல்வேன்.

ஈரமானி:
தட்டிப் பார்த்துச் சொன்னவர்தானே, "வேம்பைக் கரையான் தொடவே தொடாது" என்று போன மாதம் சத்தியம் செய்தவர்? வைரம், அதாவது முற்றிய உள்மரம், தாங்கும். ஓரத்து வெள்ளையையும் சேர்த்து அறுத்துக் கொடுத்தால் கரையானுக்கு விருந்துதான்.

மரக்கடை மாரி:
அந்தக் கதை இங்கே எதற்கு? வெள்ளையைக் கழித்துக் கொடுத்தால் கன அடிக்கு என்ன விலை கேட்பேன் தெரியுமா? வாடிக்கையாளர் கடையை விட்டே ஓடிவிடுவார். மலிவாகவும் வேண்டும், வைரமாகவும் வேண்டும், வில்லாகவும் வளையக் கூடாது!

உளிமுனை:
ஆக, வளைந்த மரத்தை விற்பதை ஒப்புக்கொள்கிறீர்கள்.

மரக்கடை மாரி:
எங்கே ஒப்புக்கொண்டேன்? வரியைக் காட்டுங்கள். எங்கள் அப்பா காலத்திலிருந்து கண்ணால் பார்த்துத்தான் சட்டம் பொறுக்குகிறோம். அடுக்கின் மேலே கிடப்பதைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு நூல் இருந்தென்ன, லேசர் இருந்தென்ன? நாலு பக்கமும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

உளிமுனை:
புரட்ட விடுகிறீர்களா முதலில்? கட்டையில் கை வைத்தாலே "அடுக்கைக் கலைக்காதீர்கள்" என்று கத்துவது எந்தக் கடையில் வழக்கம்?

மரக்கடை மாரி:
கலைத்தவர் திரும்ப அடுக்கிவிட்டுப் போனால் நான் ஏன் கத்தப்போகிறேன்?

புதுமனை:
வேங்கையா, வேம்பா என்று கேட்டிருந்தேன்...

உளிமுனை:
தம்பி, எதை வாங்கினாலும் நூல் பிடித்து வாங்குங்கள்.

மரக்கடை மாரி:
கண்!